முதல் லித்தியம் செல்: வாங்குவதில் தொடங்கி வழியனுப்புவது வரை

ரேடியோவின் குரல் கம்மத் தொடங்கினால் பேட்டரிக்கட்டைகளைக் கழற்றி வெயிலில் காய வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். திண்ணை ஓரத்தில் ஒரு பகல் காய்ந்துவிட்டு வந்தால் இன்னும் இரண்டு நாள் பாட்டுக் கேட்கலாம். அவசரக்காரர்கள் பல்லால் கடித்துப் பார்ப்பார்கள், கல்லில் வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கட்டைகள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டன. மிஞ்சிப்போனால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவைக்கும், அவ்வளவுதான்.

அதே கையோடுதான் இன்று லித்தியம் செல்லையும் எடுக்கிறோம். தலையில் மாட்டும் டார்ச்சோடு வரும் செல், தனியாகக் கூடு வாங்கிப் பவர்பேங்க் கட்டுபவர் வாங்கும் செல், பழைய லேப்டாப் பேட்டரியைப் பிளந்தால் வந்து விழும் செல், எல்லாம் பார்வைக்குப் பென்டார்ச் செல்லுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் வெயிலும் ஆகாது, நசுக்கலும் ஆகாது, தட்டலும் ஆகாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பதில் பாதி, பழைய பேட்டரிகளிடம் பழகிய கையை மாற்றுவதுதான்.

இந்த வழிகாட்டி 18650 என்ற உருளைச் செல்லை முன்வைத்து எழுதியது. அதைச் சரியாகக் கையாளத் தெரிந்தால் அதைவிடச் சற்றுப் பெரிய 21700 செல், டிரோன்களில் வரும் லைபோ, மின்சார வண்டியின் பெட்டி எதுவானாலும் அடிப்படை பிடிபட்டுவிடும்.

உள்ளே இருப்பது என்ன

பெயரிலேயே அளவு இருக்கிறது. 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசிச் சுழியம் உருளை என்பதற்கு. உலோகக் குப்பிக்குள் செம்புத்தாளும் அலுமினியத்தாளும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு. அதன் தடிமன் 20 மைக்ரான் அளவில்தான், தலைமுடியைவிட மெலிது. இவை ஊறிக்கிடக்கும் திரவம் எளிதில் தீப்பிடிக்கும் வகை.

இந்த மெல்லிய சவ்வைக் காப்பாற்றுவதற்குத்தான் இனி நான் சொல்லப்போகும் எல்லா வேலையும். கீழே விழுந்து நசுங்கினாலும், அளவுக்கு மீறி ஏற்றினாலும், அளவுக்குக் கீழே இறக்கினாலும், வெயிலில் வெந்தாலும், கடைசியில் அடி விழுவது சவ்வுக்கு. அது ஓரிடத்தில் ஓட்டையானால் உள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தச் சூட்டில் பக்கத்துச் சவ்வு உருகும், சூடு இன்னும் கூடும், பிறகு நிறுத்த முடியாது. சாதாரண 2600 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அலகு) செல்லில் இருக்கும் மின்சாரம் 100 மில்லி தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அது ஒரே மூச்சில் வெளியே வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து கோடிக்கணக்கான செல்கள் சத்தமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இந்தப் பேட்டரியை உருவாக்கியதற்காக 2019-இல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். ஒழுங்காக நடத்தினால் ஒழுங்காக நடக்கும் சாமான்தான்.

வாங்கும்போது

முதலில் உறையில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 18650 அளவில் இன்று கிடைக்கும் நல்ல செல்களின் உச்சக் கொள்ளளவு பெரும்பாலும் 3500, 3600 எம்ஏஎச் பக்கம். 5000, 6800, 9900 என்று போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், பொய். இணையக் கடைகளில் 9900 என்று விற்கும் செல்லைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே சிறிய செல்லும் நிரப்பு மாவும் கண்டெடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது எடை. சமையலறைத் தராசு இருந்தால் போதும். உண்மையான செல் 43 கிராமிலிருந்து 50 கிராம் வரை இருக்கும். 30 கிராம் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எனக்குத் தெரிந்து போலியைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி இல்லை. இந்தியாவில் விற்கும் செல்லிலும் பவர்பேங்கிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவார்கள். அங்கே நல்லதும் கிடைக்கும், லேப்டாப்பிலிருந்து உருவிப் புது உறை மாட்டியதும் கிடைக்கும். தொடக்கக்காரர் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் உருவிய செல்லை வாங்க வேண்டாம். மின்முனையில் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளின் தழும்பு இருந்தால் அது ஏற்கெனவே எங்கோ குடும்பம் நடத்திவிட்டு வந்தது என்று அர்த்தம்.

‘புரொடெக்டெட்’ என்று ஒரு வகை உண்டு. செல்லின் அடியில் சின்னப் பாதுகாப்புச் சுற்றை ஒட்டியிருப்பார்கள். அதனால் நீளம் 69 மி.மீ. வரை போகும், சில டார்ச்சுகளில் நுழையாது. நுழையுமானால் முதல் செல்லாக இதையே வாங்குங்கள். ஷார்ட் ஆனாலோ அளவுக்குக் கீழே இறங்கினாலோ அந்தச் சுற்று குறுக்கே விழுந்து நிறுத்தும்.

இன்னும் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. சிஆர்123, சிஆர்2032 என்று ‘சிஆர்’ போட்டு வருபவையும் லித்தியம்தான், ஆனால் அவை சார்ஜ் போடுவதற்கானவை அல்ல. ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். அவற்றைச் சார்ஜரில் மாட்டினால் வெடிக்கலாம். மறுபக்கம், 14500 என்றொரு லித்தியம் செல் அச்சு அசல் பென்டார்ச் செல் அளவில் இருக்கும். வோல்ட் மட்டும் 3.7. அதை டிவி ரிமோட்டில் போட்ட நண்பர் ஒருவர் புது ரிமோட் வாங்கினார்.

கையில் வந்ததும்

சார்ஜரைத் தேடுவதற்கு முன் இரண்டு சோதனைகள்.

ஒன்று கண்ணால். செல்லைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை அழகுக்காக இல்லை. இதன் உலோகக் குப்பி முழுவதும் மைனஸ். ப்ளஸ் என்பது மேலே இருக்கும் சின்னத் தொப்பி மட்டும். தொப்பியின் ஓரத்தில், மயிரிழை தள்ளி, மைனஸ் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் காகித வளையமும் உறையின் மடிப்பும்தான் காவல். உறை அந்த இடத்தில் கிழிந்திருந்தால், டார்ச்சின் ஸ்பிரிங்கோ கூட்டின் தகடோ இரண்டையும் சேர்த்துத் தொட்டால் போதும், பல பத்து ஆம்பியர் பாயும். கிழிந்த உறையை மாற்றலாம், சூடு காட்டினால் சுருங்கும் உறை மலிவாகக் கிடைக்கிறது. குப்பியே நசுங்கியிருந்தால் மாற்று வழி இல்லை, அந்தச் செல்லை ஒதுக்குங்கள்.

இரண்டாவது மல்டிமீட்டரால். டிசி 20 வோல்ட் நிலையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். கடையிலிருந்து வரும் புதுச் செல் 3.4-க்கும் 3.7-க்கும் இடையே காட்டும். 2.5-க்குக் கீழே என்றால் தொடக்கக்காரர் அதைத் தொட வேண்டாம். 2 வோல்ட்டுக்கும் கீழே பல நாள் கிடந்த செல்லில் செம்புத்தாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தில் கரைந்திருக்கும். மறுபடி சார்ஜ் போட்டால் அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து சவ்வைத் துளைக்கப் பார்க்கும். ‘ஒன்பது வோல்ட் பேட்டரியால் ஒரு தட்டுத் தட்டினால் செத்த செல் எழுந்துவிடும்’ என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. எழும்தான். எழுந்து என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

எந்த சார்ஜர்

உங்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டிய எண் 4.20. சாதாரண லித்தியம்-அயான் செல் நிரம்பும் வோல்ட் அது, அரை விரற்கடை கூடக் கூடாது. நல்ல சார்ஜர் இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதலில் ஒரே அளவு ஆம்பியரைச் செலுத்திக்கொண்டே போகும். 4.20-ஐத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே பிடித்துவைத்து ஆம்பியர் தானாகக் குறையவிடும். 100 மில்லி ஆம்பியர் அளவுக்கு வந்ததும் அடியோடு நிறுத்தும். ஈய-அமில பேட்டரிக்குச் செய்வது போல நிரம்பிய பிறகும் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருந்தால் லித்தியத்துக்கு அது நஞ்சு.

அதனால் லித்தியம் சார்ஜர் என்று எழுதியிருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் தனி வாய், தனித் திரை உள்ளது கிடைத்தால் மேல். செல்போன் சார்ஜரின் ஒயரை வெட்டி நேரே செல்லில் வைப்பவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் வருவது 5 வோல்ட்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது, சோலார் விளக்குகளில் நிறைய வரும். அதன் இயல்பு வோல்ட் 3.2, நிரம்பும் வோல்ட் 3.65. அளவும் உருவமும் ஒன்றாக இருப்பதால் மாறிப்போகும். அதை 4.20 சார்ஜரில் போடக் கூடாது. உறையில் 3.2 என்றிருக்கிறதா, 3.6 அல்லது 3.7 என்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

வயலில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. அதில் வரும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி கனமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டு, மூன்று லித்தியம் செல்லை வரிசையாகக் கோத்துப் போடுகிறார்கள். எடை குறையும், நல்லதுதான். ஆனால் சார்ஜரை மாற்ற மறந்துவிடுகிறார்கள். மூன்று செல் நிரம்பினால் 12.6 வோல்ட். பழைய சார்ஜரோ 14.4 வரை தள்ளும். பங்கு போட்டால் செல்லுக்கு 4.8. செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் பலகை இருந்தால் தடுக்கும். தினமும் அந்தப் பலகையின் தயவில் உயிர் வாழ்வது என்ன பிழைப்பு? 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜர் தனியாக வாங்குங்கள், அல்லது நான்கு பாஸ்பேட் செல் கொண்ட பேட்டரிக்குப் போங்கள். அதன் நிறைவு 14.6 வோல்ட், அதற்கென்றும் சார்ஜர் விற்கிறது.

முதல் சார்ஜ்

பகலில், நீங்கள் வீட்டில் விழித்திருக்கும் நேரமாகப் பாருங்கள். இடம் மொசைக் தரை, டைல்ஸ், கடப்பைக்கல் மேடை, இப்படி எரியாததாக இருக்கட்டும். மெத்தை, சோபா, புத்தக அடுக்கு, திரைச்சீலைக்குக் கீழ் எதுவும் ஆகாது. வாசலுக்குப் போகும் வழியிலும் வேண்டாம். நான் ஒரு அகலமான மண்சட்டியைக் கவிழ்க்காமல் வைத்து அதற்குள் சார்ஜ் போடுகிறேன். மேலே மூட வேண்டுமானால் லேசாக மூடலாம், இறுக்கி மூடக் கூடாது. ஏதாவது நடந்தால் புகை வெளியேற வழி வேண்டும்.

ஆம்பியர் எவ்வளவு? கொள்ளளவில் பாதி என்பது பழுதில்லாத கணக்கு. 2600 எம்ஏஎச் செல்லுக்கு 1.3 ஆம்பியர். கடைசிக் கட்டம் இழுத்துக்கொண்டு போவதால் மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் 1 ஆம்பியர், 2 ஆம்பியர் என்று பொத்தான் இருந்தால் 1-லேயே விடுங்கள். அவசரம் நமக்குத்தானே தவிர செல்லுக்கு இல்லை.

ப்ளஸ், மைனஸ் பார்த்து மாட்டுங்கள். பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், அரை மணி கழித்து மறுபடி. வெதுவெதுப்பு பரவாயில்லை. கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் ஏதோ தப்பு. பிளக்கை அணைத்து, செல்லை வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

முடிந்ததும் மல்டிமீட்டரால் அளங்கள். 4.15-க்கும் 4.20-க்கும் இடையே இருந்தால் சரி. 4.25-ஐத் தாண்டியிருந்தால் சார்ஜரைக் குப்பையில் போடுங்கள். பிறகு ஒரு மணி நேரம் ஆறவிட்டு அளந்து, எண்ணைச் செல்லின் மேல் ஒரு காகிதத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி அளங்கள். நல்ல செல் இருந்த இடத்திலேயே இருக்கும். 0.1 வோல்ட் இறங்கியிருந்தால் உள்ளுக்குள் எங்கோ கசிகிறது. நான் அதை வைத்துக்கொள்ள மாட்டேன். இந்த ஒரு வாரச் சோதனையை யாரும் செய்வதில்லை, எனக்கோ இதைவிட நம்பிக்கையான சோதனை தெரியாது.

சொந்தமாக ஏதாவது கட்டுபவர்கள் டிபி4056 என்ற சின்ன சார்ஜிங் பலகையைப் பயன்படுத்துவார்கள். இருபது முப்பது ரூபாய்ச் சாமான், வேலையைச் சரியாகவே செய்யும். இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அது வரும்போதே 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டு வரும். 500 எம்ஏஎச் சிறு செல்லுக்கு அது இரண்டு மடங்கு. பலகையில் இருக்கும் 1.2 கிலோ ஓம் தடையை (ரெசிஸ்டர்) 10 கிலோ ஓமாக மாற்றினால் 130 மில்லி ஆம்பியராகக் குறையும். இரண்டாவது, அந்த சிப் சுடும். அது அதன் இயல்பு, அதனால் செல்லோடு ஒட்டி வைக்காதீர்கள். ப்ளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் உடனே புகையும், மன்னிப்பெல்லாம் கிடையாது. ஆறு ஒயர் வெளிவரும் வகையை, அதாவது பேட்டரிக்கும் சுமைக்கும் தனித்தனி முனை உள்ளதை வாங்கினால் தாழ்வோல்ட் பாதுகாப்பும் சேர்ந்து வரும்.

‘முழுசாக இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது நிக்கல்-காட்மியம் காலத்துப் பாடம், அந்தக் காலத்துக்கு அது உண்மை. லித்தியத்துக்கு நேர்மாறு. பாதியில் ஏற்றலாம், பாதியில் நிறுத்தலாம். 3 வோல்ட்டுக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொண்டால் ஆயுள் கூடும்.

வெயிலும் குளிரும்

சார்ஜ் போடுவதற்குப் பெரும்பாலான செல்களுக்குச் சொல்லப்படும் வரம்பு 0 முதல் 45 டிகிரி. நம் ஊரில் மேல் வரம்புதான் தொல்லை. மே மாதம் வேலூரிலோ திருச்சியிலோ மொட்டைமாடி அறை பிற்பகலில் 40-ஐ நெருங்கும். செல் தன் பங்குக்கு ஐந்தாறு டிகிரி சேர்க்கும். அந்த மாதங்களில் காலையில் சார்ஜ் போடுங்கள். வெயிலில் நின்ற காருக்குள் பவர்பேங்கை விட்டுவிட்டு வந்தவர், வந்ததும் சார்ஜில் போடாமல் ஆறவிடட்டும். நிரம்பிய செல்லும் சூடும் சேர்ந்தால்தான் ஆயுள் வேகமாகத் தேயும்.

கீழ் வரம்பு ஊட்டியில் உறைபனி விழும் காலைகளுக்கும், கனடாவிலோ நார்வேயிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கும். உறைநிலைக்குக் கீழே டார்ச்சைப் பயன்படுத்தலாம், சார்ஜ் போடக் கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் உள்ளே நுழையாமல் மேலேயே உலோகமாகப் படியும், அதை முழுதாகத் திரும்பக் கரைக்க முடியாது. வீட்டுக்குள் கொண்டுவந்து ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டாகச் சேர்க்கும்போது

ஒரு செல் பழகும் வரை இரண்டாவதைத் தொடாமல் இருப்பது நல்லது. அப்புறம் பவர்பேங்க் கூட்டில் இணையாகப் போடும்போது, எல்லாச் செல்லும் ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும். 4.2-இல் நிரம்பியதையும் 3.0-இல் தீர்ந்ததையும் பக்கம் பக்கமாகப் போட்டால், ஒவ்வொன்றின் உள்தடை 50 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால்கூட, முதல் நொடியில் 12 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். 0.05 வோல்ட் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிட்டுப் போடுங்கள்.

வரிசையாகக் கோப்பது இன்னும் கறாரான வேலை. ஒரே தயாரிப்பு, ஒரே வயது, ஒரே கொள்ளளவு வேண்டும், ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனிக்கும் பிஎம்எஸ் கட்டாயம். இல்லாவிட்டால் பலவீனமான செல் எப்போதும் முதலில் நிரம்பி, முதலில் தீர்ந்து, மற்றவற்றால் மிதிபடும்.

சால்டரிங் அயர்னைச் செல்லில் வைக்காதீர்கள். அந்தச் சூடு மூடியின் ரப்பரையும் உள்ளே சவ்வையும் கெடுக்கும். பிளாஸ்டிக் கூட்டில் மாட்டுங்கள், இல்லையென்றால் நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்து தருபவர்களிடம் கொடுங்கள்.

லேப்டாப் பேட்டரியைப் பிளக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. பிளாஸ்டிக் மூடியின் இடுக்கில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினேன். மூடி விடவில்லை, நானும் விடவில்லை. திடீரென்று வழுக்கிய நுனி, உறையைக் கிழித்துக்கொண்டு குப்பிக்கும் நிக்கல் பட்டைக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. ‘சட்’டென்று நீலப் பொறி, ஸ்குரூடிரைவர் நுனி அங்கேயே ஒட்டிக்கொண்டது. முறுக்கிப் பிடுங்கி, ஓடிப்போய் மாடியில் மணல் வாளிக்குள் போட்டுவிட்டு அரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை, என் விரலில் கொப்புளம் வந்ததைத் தவிர. அதற்குப் பிறகு நான் பிளாஸ்டிக் நெம்புகோலும் கண்ணாடியும் இல்லாமல் எந்தப் பெட்டியையும் திறப்பதில்லை. விரலில் மோதிரம் போட்டிருப்பவர்கள் கழற்றி வையுங்கள்.

லைபோ பற்றி

டிரோன், ரிமோட் கார் ஆட்கள் பயன்படுத்தும் லைபோவுக்கு உலோகக் குப்பியே கிடையாது, பொட்டலம் மாதிரி மெல்லிய உறைதான். அதனால் விதிகள் அதேதான், மன்னிப்பு மட்டும் இன்னும் குறைவு. சார்ஜரில் செல் எண்ணிக்கையைத் தப்பாக அமைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு செல்லுக்கு 8.4, மூன்று செல்லுக்கு 12.6. பெரிய இணைப்போடு செல்களைச் சமமாக நிரப்ப உதவும் சின்ன வெள்ளை பேலன்ஸ் இணைப்பையும் எப்போதும் மாட்டுங்கள். 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியரைத் தாண்ட வேண்டாம். டிரோன் விழுந்தால், பேட்டரியை உடனே வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். சில சமயம் அடிபட்டது தாமதமாகத்தான் புகையும்.

வைப்பதும் எடுத்துப்போவதும்

ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படாது என்றால் பாதி சார்ஜில், 3.7 முதல் 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரி போதும். பிரிட்ஜில் வைத்தால் எடுக்கும்போது வியர்த்து முனையில் ஈரம் கோக்கும். செல்லுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். சில்லறைக் காசும் சாவிக்கொத்தும் கிடக்கும் சட்டைப்பையில் வெறும் செல்லைப் போட்டுக்கொண்டு நடப்பது, தீப்பெட்டியை உரசிக்கொண்டே நடப்பதற்குச் சமம்.

விமானத்தில் தனிச் செல்லும் பவர்பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. வரம்பு 100 வாட்-மணி. கணக்கு எளிது: எம்ஏஎச்-ஐ ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 20000 எம்ஏஎச் பவர்பேங்க் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். 100-ஐத் தாண்டி 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

உப்பினால், புகைந்தால்

செல்போன் முதுகு பிதுங்கியிருக்கிறது, லைபோ தலையணை போல உப்பியிருக்கிறது என்றால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். ஊசியால் குத்தி வாயுவை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்தும் பேட்டரியிடமிருந்தும் தள்ளி நில்லுங்கள்.

தீ வருவதற்குமுன் பெரும்பாலும் அறிகுறி இருக்கும். ‘உஸ்’ஸென்ற சீறல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற இனிப்பு நெடி, பிறகு வெண்புகை. அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு உண்டு, நுரையீரலுக்கு நஞ்சு. முடிந்தால் மின்சாரத்தை அணையுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள். சின்னச் செல் என்றால் நிறையத் தண்ணீர் ஊற்றலாம். பள்ளியில் லித்தியம் தண்ணீரில் பட்டால் பற்றும் என்று படித்தது இங்கே குழப்புகிறது. இந்தச் செல்களில் லித்தியம் உலோகக் கட்டியாக இல்லை, தண்ணீரின் வேலை குளிரவைப்பது. மணலும் பொடித் தீயணைப்பானும் சுடரை அடக்கும், ஆனால் சூடு உள்ளேயே இருப்பதால் மறுபடி பற்றிக்கொள்ளும். அணைந்ததாகத் தெரிந்தாலும் பல மணி நேரம் வெளியிலேயே விடுங்கள்.

மின்சார வண்டியின் பேட்டரி என்றால் நீங்கள் அணைக்க முயலவே வேண்டாம். வெளியே வந்து 101 அல்லது 112-ஐ அழையுங்கள். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்தபோது ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே ஆண்டு, வண்டிப் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 விதிகளை அரசு இறுக்கியது. விதி பேட்டரியை மேம்படுத்தும், வண்டியை எங்கே நிறுத்துவது என்பது நம் கையில். படுக்கையறைக்கும் வாசலுக்கும் நடுவே, ஒரே வெளிவழியில் வண்டியை நிறுத்திச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம், மண்ணிணைப்புள்ள 15 ஆம்பியர் பிளக் வையுங்கள்.

கடைசியாக, வழியனுப்புவது

கொள்ளளவு பாதியாகிவிட்ட செல், சார்ஜ் போடும்போது முன்னைவிடச் சுடும் செல், ஒரு வாரச் சோதனையில் தோற்ற செல், இவற்றை இழுத்துப்பிடித்து ஓட்ட வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் செத்துவிடும் என்பார்கள். முனை துருப்பிடித்துத் தொடர்பு அறுந்துபோகும், உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கும். அதைவிட 10 ஓம், 5 வாட் தடை ஒன்றை முனைகளில் கட்டி, மண்சட்டிக்குள் போட்டு, ஒரு முழுநாள் விட்டால் அடங்கிவிடும். தடை சுடும், தொடாதீர்கள். உப்பிய, அடிபட்ட பேட்டரிக்கு இந்த வேலையும் வேண்டாம், அப்படியே காய்ந்த மணலில் புதைத்து வெளியில் வையுங்கள்.

பிறகு இரு முனையிலும் இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் அது குப்பை லாரியின் அழுத்தத்தில் நசுங்கி அங்கே தீ வைக்கும், வண்டியில் நிற்பவர் துப்புரவுப் பணியாளர். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கும்போது பையை அப்படியே நீட்டாமல், ‘இதில் லித்தியம் இருக்கிறது’ என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.